கும்பலைத் தேடும் பிள்ளைகள்: இரு திரைப்படங்கள்

பள்ளியில் பயிலும் சிறுவன் ஒருவன் ஏன் ஒரு கும்பலைத் தேடிச் செல்கிறான்? இவ்வினாவை எழுப்பும் தமிழ்த் திரைப்படங்களுள் இரண்டு நம் சிந்தனைக்கு உரியன. ஒன்று, பாண்டிராஜ் இயக்கத்தில் 2009-இல் வெளிவந்த 'பசங்க'. மற்றொன்று, லோகேஷ் கனகராஜ் இயக்கத்தில் 2021-இல் வெளிவந்த 'மாஸ்டர்'. இவற்றுள் எது நோயைக் காட்டுகிறது, எது மருந்தைக் காட்டுகிறது என ஆராய்வது பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் பயன்தரும்.

'மாஸ்டர்' நோயை உள்ளபடியே காட்டுகிறது. பவானி என்பவன் தன் குற்றங்களுக்காகச் சீர்திருத்தப் பள்ளிச் சிறுவரைச் சரணடையச் செய்கிறான். போதையைக் கொடுத்து அவர்களைத் தன் பிடியில் வைத்திருக்கிறான். அவனும் ஒருகாலத்தில் அதே இல்லத்தில் வதைபட்ட சிறுவனே. இன்று கைவிடப்பட்ட பிள்ளை, நாளை பிற பிள்ளைகளைக் கெடுப்பவனாகிறான் என்னும் உண்மை இங்கே வலுவாகப் பதிகிறது. ஆசிரியர் தம் குடிப்பழக்கத்தை விட்டொழிப்பதும் அருமையான குறிப்பு. ஆயினும் படம் அதனைப் பின்தொடரவில்லை. மருந்தாக அது முன்வைப்பது கதாநாயகனின் கைவலிமையையே. அடிப்பவனே வெல்வான் என்னும் கும்பலின் வேதத்தைக் கதாநாயகனும் ஓதினால், பார்க்கும் சிறுவன் எதைக் கற்பான்?

'பசங்க' அளவில் சிறிய படம். புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளியில் ஜீவா தன் தோழரைச் சேர்த்துக்கொண்டு, புதிதாக வந்த அன்புக்கரசைப் பகைக்கிறான். எதிரெதிர் வீடுகளில் வாழும் பெரியவர்களின் பூசல் பிள்ளைகளின் பகையை வளர்க்கிறது. ஜீவாவின் தந்தையாகிய ஆசிரியர் சொக்கலிங்கம், அன்புவின் தந்தையை அமரவைத்து இல்லற வாழ்வைப் பற்றிப் பொறுமையாகப் பேசும் காட்சியே நம் கருத்தில் இப்படத்தின் உயிர். ஓர் ஆசிரியர் மாணவனைத் திருத்த அவன் தந்தையிடம் அன்போடு செல்கிறார். அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் ஒரு வீடு மாறுகிறது.

இப்படத்திலும் ஒரு குறை உண்டு. இதன் பகைக்குச் சாதி காரணமன்று. நம் பள்ளிகள் பலவற்றிலோ சாதியே கும்பலைக் கூட்டுகிறது. 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில், பட்டியல் இனத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை அவன் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். அவன் தங்கையும் வெட்டுண்டாள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் பள்ளிகளில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. இது வேண்டியதே. ஆனால் மணிக்கட்டில் கட்டிய கயிற்றைப் பள்ளி அவிழ்க்கலாம். வீட்டுத் திண்ணையில் பேசப்படும் பேச்சை யார் அவிழ்ப்பது?

தூரின் நகரச் சிறைகளில் இளைஞர் வாடுவதைக் கண்ட புனித ஜான் போஸ்கோ, அவர்கள் அங்கே வந்து சேருமுன் அன்பு செய்ய ஒருவர் இருந்திருந்தால் என எண்ணி வருந்தினார். விளையாட்டுத் திடலும் தொழிற்கூடமும் செபக்கூடமும் சேர்ந்ததோர் இல்லத்தை அவர்களுக்கு அமைத்தார். 1877-இல் அவர் விளக்கிய முன்தடுப்பு முறை, அறிவு, சமயம், அன்பு என்னும் மூன்றின்மேல் நிற்பது. 1906-இல் தஞ்சைக்கு வந்த சலேசியத் துறவியர் அதனைத் தமிழ் மண்ணில் ஊன்றினர். சிறுவனுக்குக் கும்பல் தருவது ஓர் இடம், ஒரு பெயர், அவனைத் தேடும் சிலர். இவற்றை நாம் முந்தித் தந்துவிட்டால் கும்பலுக்கு அவனிடம் என்ன வேலை?

கலசப்பாக்கத்திலும் ஆரணியைச் சூழ்ந்த ஊர்களிலும் பட்டுத்தறியில் அமரும் பெற்றோர்க்கு இது விளங்காததன்று. பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த நுனிகளைத் தேடி முடிந்த பின்னரே நெசவைத் தொடர்கிறோம். மகன் சில நாள்களாக இருட்டிய பின் வீடு திரும்பினால், புதிய தோழரின் பெயரை மறைத்தால், அதுவும் இழை அறுந்த இடமே. அன்று தறியைச் சற்று நிறுத்துவோம். உரத்த குரலின்றி அவனோடு பேசுவோம். அடுத்த வீட்டாரோடும் அடுத்த தெருவாரோடும் நமக்குள்ள பகையை அவன் காண முடித்துக்கொள்வோம். பங்கு மன்றங்களில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து அமர்ந்து 'பசங்க' படத்தைப் பார்த்து உரையாடலாம். ஆனால் படம் முடிந்தபின் பிள்ளைகள் பார்க்கப்போவது நம்மையே.