விருந்தில் மறைந்த கைகள்

பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தின் த சேன்பியேர் 1788-இல் வெளியிட்ட 'பவுலும் விர்ஜினியும்' என்ற புதினம் மொரீஷியஸ் தீவுக்கு உலக இலக்கியத்தில் இடம் தேடித் தந்த நூலாகும். இயற்கையின் மடியில் கள்ளமின்றி வளரும் இரு பிள்ளைகளின் அன்பும், கப்பல் உடைந்து விர்ஜினி மாளும் அவலமும் இன்றும் படிப்போர் நெஞ்சை உருக்குகின்றன.

ஆயினும், உணவை முன்னிறுத்தி இந்நூலைப் படிப்போர்க்கு வேறொரு கதை புலப்படும். அவ்விரு பிரெஞ்சுக் குடும்பங்களுக்கும் சோளமும் நெல்லும் பூசணியும் விளைவிப்பவன் செனகல் நாட்டு அடிமை தொமேங்கு. சமைப்பவளும், கோழி வளர்ப்பவளும், எஞ்சியதைப் போர்ட் லூயி நகரில் விற்று வருபவளும் மடகாஸ்கரைச் சேர்ந்த மரீ. ஆசிரியர் இவர்களைப் பரிவோடுதான் வரைகிறார். எனினும் இவர்களது உழைப்பு, இயற்கை தானாகவே ஈந்த கொடைபோல் கதையில் கரைந்துவிடுகிறது.

தப்பி வந்த அடிமைப் பெண் ஒருத்தியின் பசியை விர்ஜினி ஆற்றுகிறாள். பின்பு அவளை ஆண்டையிடமே அழைத்துச் சென்று மன்னிப்பு வேண்டுகிறாள். மன்னிப்பதாகச் சொன்ன ஆண்டையோ அவளை விலங்கிட்டு வதைக்கிறான். விர்ஜினியின் இரக்கத்தை நினைவில் நிறுத்தும் நூல், வதைக்கப்பட்டவளின் பெயரைக்கூட நமக்குச் சொல்வதில்லை. விர்ஜினியின் அடக்கத்தின்போது ஆப்பிரிக்கப் பெண்கள் பழக்கூடைகளை வைக்கின்றனர். இந்தியப் பெண்கள் கூண்டுப் பறவைகளைப் பறக்கவிடுகின்றனர். பல இனத்தவரின் மரபுகள் அங்கே ஒருத்தியின் சாவுக்கு அணிகலனாகின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டு நூலை இன்றைய அளவுகோலால் அளப்பது முறையா எனச் சிலர் வினவலாம். அளவுகோலை ஆசிரியரே தந்திருக்கிறார். 1768 முதல் 1770 வரை அத்தீவில் வாழ்ந்த அவர், 1773-இல் வெளியிட்ட பயண நூலில் அடிமைகள் பட்ட கொடுமைகளை வன்மையாகக் கண்டித்தார். ஐரோப்பியர் சுவைக்கும் காப்பிக்கும் சர்க்கரைக்கும் பின்னே எத்தனை மக்களின் துயரம் இருக்கிறது என்பதையும் எழுதினார். கண்டவரே அதனைப் புனைவில் மென்மையாக்கினார் என்பதே நம் குறை.

இக்குறை அந்நூலோடு முடியவில்லை. மொரீஷியசின் பருப்புப் பூரியையும், தக்காளிக் குழம்பான ருகாயையும், சீனர் வழி வந்த நூடுல்சையும், வாழையிலையில் தமிழர் பரிமாறும் ஏழு கறி விருந்தையும் ஒற்றுமையின் சின்னங்களாக இன்று பலரும் புகழ்கின்றனர். அப்புகழ்ச்சி பொய்யன்று, தெருவோரப் பருப்புப் பூரியை எல்லா இனத்தவரும் விரும்பி உண்கின்றனர். ஆனால் அடிமை முறை 1835-இல் ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாய் வந்து குவிந்ததன் விளைவன்றோ அவ்வுணவுகள் பலவும்? அவர்கள் கரையிறங்கிய ஆப்பிரவாசி காட் 2006-இலும், தப்பியோடிய அடிமைகள் புகலிடமாய்க் கொண்ட லெ மோர்ன் மலை 2008-இலும் உலக மரபுச் சின்னங்களாயின.

சுவையைப் பாராட்டும் எழுத்து, சமைத்த கைகளையும் அவை பட்ட தழும்புகளையும் சேர்த்தே சொல்லட்டும். 'பவுலும் விர்ஜினியும்' நூலை மீண்டும் படியுங்கள். இம்முறை மரீ நிற்கும் அடுப்படியிலிருந்து படியுங்கள்.