யாருக்கு லாபம் இந்தத் தாமதம்?

பாதாளச் சாக்கடைக்குள் இறங்கும் ரோபோவுக்கு எங்காவது ஒரு விருது கிடைத்தால், அந்த மேடையிலேயே ஒரு வாதமும் கைதட்டல் வாங்கிக்கொண்டு போகிறது. சட்டம் போட்டும் சாதி ஒழியவில்லை, போராடியும் ஒழியவில்லை. இனி கருவி அதை ஒழித்துவிடும் என்பது அந்த வாதம். கேரளத்து இளம் பொறியாளர்கள் உருவாக்கிய பேண்டிகூட் ரோபோ 2018இல் திருவனந்தபுரத்தில் அறிமுகமானபோதும் இதைக் கேட்டோம். அந்தப் பொறியாளர்களின் உழைப்பின் மீது எனக்கு மதிப்பு உண்டு. அவர்களைச் சாக்கிட்டுப் பேசப்படும் வாதத்தோடுதான் எனக்குச் சண்டை. சமூகவியலில் ஒரு நூற்றாண்டாகச் செல்வாக்கோடு இருக்கும் ஒரு கோட்பாட்டின் மலிவுப் பதிப்பு அது. மூலத்தில் உள்ள கோளாறு இதிலும் அப்படியே இருக்கிறது.

கோட்பாட்டின் கதை தெரிந்ததுதான். ரயில் கொண்டுவரும் நவீனத் தொழில், சாதிக்கு அடித்தளமான பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று மார்க்ஸ் 1853 ஆகஸ்டில் நியூயார்க் டெய்லி ட்ரிப்யூனில் எழுதினார். பம்பாயிலிருந்து தாணேவுக்கு முதல் ரயில் ஓடி அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை. 1922இல் அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் ஆக்பர்ன் வேறு வழியாக ஏறத்தாழ அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். கருவிகள் வேகமாக மாறுகின்றன. சட்டம், குடும்பம், நம்பிக்கை ஆகியவை மெதுவாகப் பின்தொடர்கின்றன. நடுவில் விழும் இடைவெளிதான் பண்பாட்டுப் பின்னடைவு. நம் கல்லூரிப் பாடநூல்களில் இன்றும் இது கேள்வியின்றி உட்கார்ந்திருக்கிறது.

கருவி எதையும் மாற்றுவதில்லை என்று சொல்ல நான் வரவில்லை. ரயில் இல்லாமல் வடஆற்காட்டுச் சேரிகளிலிருந்து அத்தனை குடும்பங்கள் கோலார் தங்கவயலுக்குப் போயிருக்க முடியாது. அச்சு இல்லாமல் 1907இல் அயோத்திதாசரின் 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் வந்திருக்க முடியாது. சமூகவியலாளர் மாக்ஸ் வெபரைக் காட்டி, எல்லாவற்றுக்கும் பண்பாடே முதற்காரணம் என்று மறுமுனைக்கு ஓடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் பின்னடைவுக் கோட்பாட்டில் ஆட்கள் இல்லை. கருவி முன்னே போகிறது, வழக்கம் பின்னே நிற்கிறது. யார் அதைப் பிடித்து நிறுத்தினார்கள், நிறுத்தியதால் யாருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு அதில் இடமே கிடைப்பதில்லை. ஆதாய வர்க்கங்களைப் பற்றி ஆக்பர்ன் பேசாமலில்லை. பழக்கம், பயம், பழமைப் பற்று என்று தாமதத்துக்கு அவர் அடுக்கும் காரணங்களில் அதுவும் ஒன்றாக வந்து போகிறது. என் கணக்கில் அதுதான் முதல் காரணம்.

அவர் விரிவாக எடுத்துக்கொண்ட உதாரணத்தையே பார்ப்போம். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இயந்திரங்கள் பெருகி, தொழிலாளர்கள் கையும் காலும் இழந்தார்கள். அவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டங்களோ பல பத்தாண்டுகள் கழித்து, 1910ஐ ஒட்டித்தான் வந்தன. ஆக்பர்ன் இதைப் பின்னடைவு என்கிறார். நியூயார்க்கில் நடந்ததைக் கவனியுங்கள். 1910இல் அந்த மாநிலம் இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. தெற்கு பஃபலோ ரயில்வே கம்பெனியில் வேலை செய்த ஒரு தொழிலாளி அதன்படி இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். சட்டமே செல்லாது என்று கம்பெனி வாதாடியது. 1911 மார்ச் 24 அன்று மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் கம்பெனி சொன்னதை ஏற்றுச் சட்டத்தை ரத்து செய்தது. மறுநாள் அதே மாநிலத்தில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் மாண்டார்கள். இங்கே எந்தப் பண்பாடு மெதுவாக நடந்தது? சட்டம் வந்தது, வந்த சட்டத்தை வழக்காடி வீழ்த்தினார்கள். இழப்பீடு கொடுக்காமல் கழிந்த ஒவ்வோர் ஆண்டும் முதலாளியின் கணக்கில் லாபமாக ஏறியது. இதை இடைவெளி என்று எழுதிவிட்டால், குற்றம் செய்தவர் காலத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்.

நம் நாட்டு ரயிலுக்கு வருவோம். 1901இல் ஒன்பது வயதுச் சிறுவனாக அம்பேத்கர் தன் அண்ணனோடும் அக்காள் பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்கப் புறப்பட்டார். டிக்கெட் கொடுத்தார்கள், ரயிலும் ஏற்றிக்கொண்டது. மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். நல்ல உடுப்போடு நின்ற பிள்ளைகளிடம் நிலைய அதிகாரி பரிவோடுதான் விசாரித்தார். தீண்டத்தகாதோராக நடத்தப்பட்ட மகர் சாதி என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. மாட்டு வண்டிக்காரர்கள் யாரும் ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. கடைசியில் ஒருவர் இரட்டிப்புக் கூலிக்குச் சம்மதித்தார். பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார் என்பது ஒப்பந்தம். கையில் சோறு இருந்தும் வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. ரயில் தன் வேலையைச் செய்தது. சாதி நடைமேடையில் நின்று தன் வேலையைச் செய்தது. ரயில்வே சீருடையில் நின்றவரே அதைச் செய்தார்.

தமிழ்நாட்டில் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அதன் பிறகு 85 ஆண்டுகள் கழித்தும் ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணருக்குத் தனி இடம் இருந்தது. அது 1941இல் நீக்கப்பட்டது பெரியாரும் அவர் இயக்கத்தினரும் விடாமல் எதிர்த்ததால். தண்டவாளத்தின் நீளம் கூடியதால் நடந்ததல்ல அது. ஆனாலும் 'ரயில் வந்தது, தீட்டு போனது' என்று எழுதும் கட்டுரைகளுக்கு இன்றும் குறைவில்லை. போராடியவர்களுக்குச் சேர வேண்டிய பெருமையை எடுத்து இரும்புக்குக் கொடுக்கும் இந்தப் பழக்கத்தை நான் சிறு பிழையாக நினைக்கவில்லை. அடுத்த போராட்டம் தேவையில்லை என்று சொல்வதற்கான முதல் படி அது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சாதி எப்போதும் பின்தங்கி நிற்கும் பழைய பொருள் அல்ல. ரயிலும் தபாலும் தந்தியும் மலிவான அச்சும் சாதிகளை முன்பைவிட விரிந்த பரப்பில் ஒன்றுசேர உதவின என்று சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் சுதந்திரத்துக்குப் பிந்தைய பத்தாண்டிலேயே சொன்னார். தாலுகாவுக்குள் அடங்கிக் கிடந்த ஒரு சாதி, மாநாடு கூட்டவும் பத்திரிகை நடத்தவும் கற்றது அப்போதுதான். திருமண இணையதளம் அதன் அடுத்த கட்டம். மகளுக்கு வரன் தேடும் ஓர் அப்பா விண்ணப்பத்தை நிரப்புவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும்: மதம், சாதி, உட்பிரிவு, கோத்திரம், நட்சத்திரம். 'சாதி தடையில்லை' என்ற கட்டமும் அங்கே இருக்கிறது. அதை அவர் தொடாமல் கடந்து போகிறார். ஊர்த் தரகருக்கு நாலு ஊர் தெரியும். இந்தத் தளத்தில் சிங்கப்பூரிலும் டாலஸிலும் இருக்கும் அதே உட்பிரிவுப் பையன் ஒரு நொடியில் திரையில் வருகிறான். இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின் 2011-12 கணக்கெடுப்பில் கலப்புத் திருமணங்கள் ஏறக்குறைய 5 சதவீதம்தான். அகமணம் இங்கே கருவிக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடி வரவில்லை. கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் போகிறது.

மறுபடி மலக்குழிக்கு வருகிறேன். உறிஞ்சு லாரியும் ஜெட்டிங் மெஷினும் நம் நகரங்களுக்குப் புதியவை அல்ல. அவை ஓடும் ஊர்களிலேயே ஆட்கள் விஷவாயு தாக்கிச் சாகிறார்கள். ஒப்பந்ததாரருக்கு லாரி வாடகையைவிட மனிதக் கூலி குறைவு, அந்த மனிதர் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். கருவி இல்லாததால் நேரும் சாவுகள் அல்ல இவை.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விளக்கக் குறிப்பு உண்டு. மத்திய அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடையோடும் மலம் அகற்றுபவரைக் கையால் மலம் அள்ளுபவராகக் கருத வேண்டியதில்லை என்கிறது அது. கையுறையும் கருவியும் கொடுத்தால் போதும், அதே சாதி, அதே மனிதர், அதே வேலை, பட்டியலிலிருந்து மட்டும் அவர் பெயர் போய்விடும். கருவி மாறினால் சமூகம் மாறிவிடும் என்ற நம்பிக்கை சட்ட மொழியில் எழுதப்பட்டால் இப்படித்தான் இருக்கும். தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகத்தின் மீது சுமத்தப்பட்ட வேலை அங்கே உபகரணப் பிரச்சினையாகச் சுருங்கிவிடுகிறது.

சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆளை உள்ளே இறக்குவது குற்றம் என்று சட்டம் தெளிவாகச் சொல்லியும், அதற்காகத் தண்டனை அனுபவித்தவர்கள் மிகக் குறைவு. ரோபோ வாங்கும் நகராட்சிகள் வாங்கட்டும். அடுத்த அறிமுக விழாவுக்கு நீங்கள் போனால், மேடையில் இருக்கும் ஆணையரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இந்த ஊரில் கடைசியாக இறந்த தொழிலாளியின் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது? இந்த மெஷினை இயக்கும் நிரந்தர வேலையை யாருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்?