திரைப்பாத்திரமும் உடுத்தும் உரிமையும்: தேவர் மகன், அசுரன், கபாலி

பரதரின் நாட்டிய சாத்திரம் நடிப்பை ஆங்கிகம், வாசிகம், ஆகாரியம், சாத்துவிகம் என நான்காக வகுக்கிறது. உடையும் அணியும் ஒப்பனையும் ஆகாரியத்துள் அடங்கும். இவ்வகுப்பை அப்படியே திரைப்படத்திற்குப் பொருத்தினால், உடை என்பது பாத்திரத்தின் வயதையும் தொழிலையும் காலத்தையும் அறிவிக்கும் குறி என்ற அளவில் நின்றுவிடும். தமிழ்ச் சமூகத்திலோ உடை எல்லோரும் விரும்பியவாறு எடுத்து உடுத்தும் பொருளாக இருந்ததில்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நெடுங்காலம் போராட நேர்ந்தது. 1859இல் அரசு இசைந்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்ற வரம்பு அதில் இருந்தது. தோளில் கிடந்த துண்டு, ஆதிக்கச் சாதியார் எதிர்ப்பட்டால் இடுப்புக்கு இறங்க வேண்டியிருந்ததும் அண்மைக்கால வரலாறே. ஆகவே ஒரு பாத்திரம் எதை உடுத்தியிருக்கிறது என்பதோடு, அதை உடுத்த அதற்கு இசைவு தந்தவர் யார் என்பதும் ஆராயத்தக்கது.

பரதன் இயக்கிய ‘தேவர் மகன்’ (1992) உடைவழிப் பாத்திர மாற்றத்திற்குப் பலரும் காட்டும் சான்று. நீண்ட முடியும் மேலை உடையுமாக, உணவக வணிகம் தொடங்கும் கனவோடு ஊருக்கு வரும் சக்திவேல், தந்தையின் மறைவுக்குப் பின் முறுக்கிய மீசையும் வெள்ளை வேட்டி சட்டையுமாகத் தோன்றுகிறான். அந்த ஒரு தோற்றமே அவனைப் பெரிய தேவரின் இடத்தில் அமர்த்திவிடுகிறது. உரையாடல் செய்திருக்க வேண்டிய வேலையை உடை செய்துவிட்டது என இதனைப் பாராட்டுவது எளிது. கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த வேட்டி அவனுக்காகக் காத்திருந்தது. அதை அவன் கேட்டுப் பெறவில்லை, ஊரும் தடுக்கவில்லை. மரபுரிமையாக வந்த நிலத்தைப் போலவே உடையும் வந்து சேர்கிறது.

வெற்றிமாறனின் ‘அசுரன்’ (2019) இதற்கு நேர்மாறான நிலையைக் காட்டுகிறது. இங்கே உடை என்பது ஒரு சோடிச் செருப்பு. இளைஞன் சிவசாமி வாங்கித் தந்த செருப்பை மாரியம்மாள் அணிந்து நடக்கிறாள். அதற்காக அவள் அடிக்கப்பட்டு, அச்செருப்பையே தலையில் சுமந்து தெருவழியே நடக்கவைக்கப்படுகிறாள். காலுக்குரிய பொருள் தலைக்கு ஏற்றப்படும்போது அவளுடைய உடலே தலைகீழாக்கப்படுகிறது. செருப்பு அவளது வறுமையையோ காலத்தையோ குறிக்கவில்லை. பள்ளிக்குச் செல்லும் ஒரு பெண் தன்னைப் பற்றிக் கொண்டிருந்த மதிப்பையே குறிக்கிறது. தண்டிக்கப்படுவதும் அந்த மதிப்புதான்.

கதையமைப்பும் இதற்குத் துணைநிற்கிறது. மூத்த மகன் முருகன் வடக்கூரானைச் செருப்பால் அடிப்பதைப் பார்வையாளர் முதலில் காண்கின்றனர். அப்போது அது இளமையின் ஆத்திரமாகவே தோன்றும். மாரியம்மாள் நிகழ்வு பின்னோக்கில் பின்னரே வருகிறது. அதன்பின் முருகனின் செயல் வேறு பொருள் கொள்கிறது. மகன் அறியாத ஒரு கணக்கை அவனுடைய கை தீர்த்திருக்கிறது. தந்தை சிவசாமி அஞ்சி அடங்கி நடப்பதன் காரணமும் அப்போதுதான் துலங்குகிறது. உடையமைப்பாளரின் பட்டியலில் மிகச் சிறிய வரியாக இருந்திருக்கக்கூடிய ஒரு பொருள், இரண்டு தலைமுறைப் பாத்திரங்களை இணைத்துக் கட்டுகிறது.

பா. இரஞ்சித்தின் ‘கபாலி’ (2016) இவ்வுரிமையை வெளிப்படையாகவே பேசுகிறது. காந்தி மேற்சட்டையைக் களைந்ததும் அம்பேத்கர் கோட் அணிந்ததும் ஒன்றல்ல என்பது படத்தின் வாதம். காந்தி அவ்வாறு களைந்தது 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில். களைவதற்குச் சட்டை உள்ளவரின் துறவும், அணியவே தடுக்கப்பட்டவரின் உடுத்தலும் ஒரே தராசில் நிற்கமாட்டா. மலேசியத் தோட்டத் தொழிலாளர் மரபில் வந்த கபாலிக்கு அனு வர்தன் வடிவமைத்த கோட் இந்த வாதத்தின் காட்சி வடிவம். ஆயினும் ‘அசுரன்’ செருப்பின் வலிமை இதற்கு இல்லை. இரசினிகாந்த் எதை அணிந்தாலும் பார்வையாளர் முன்கூட்டியே இசைவு தந்துவிடுகின்றனர். பாத்திரத்திற்கு மறுக்கப்பட்ட உரிமை நடிகருக்கு மறுக்கப்படாததால், கோட் எதிர்ப்பாகவும் கவர்ச்சியாகவும் ஒருசேர நிற்கிறது. திரையரங்கில் எழுந்த கைதட்டல் எதற்கு என்று பிரித்தறிவது கடினம்.

உடையமைப்புக்கான தேசிய விருது ‘ஹே ராம்’ படத்திற்காகச் சரிகாவுக்கும் ‘பரதேசி’க்காகப் பூர்ணிமா இராமசாமிக்கும் கிடைத்தது. இரண்டும் கடந்த காலத்தை மீட்டுருவாக்கிய படங்கள். ‘பரதேசி’யின் முரட்டுச் சாக்குத்துணி கண்ணில் நிற்பது உண்மை. ஆனால் அது தோட்டத்திற்கு அழைத்துச் செல்லப்படும் மக்களை ஒரே நிறமாக்கிவிடுகிறது. இராசாவுக்கும் மரகதத்திற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நடிப்பு மட்டுமே சுமக்க வேண்டியிருக்கிறது. துணியின் காலப்பொருத்தம் விருதுக்குரிய அளவுகோலாகும்போது, மாரியம்மாளின் செருப்பு எந்தப் பிரிவிலும் பரிசீலிக்கப்பட இடமில்லை.