கருவி யாரிடம் சொல்கிறது?

2013 மார்ச் 23 காலை. தூத்துக்குடியில் பலருக்குக் கண் எரிந்தது, தொண்டை கமறியது. ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் புகைபோக்கிக் கருவியில் அன்று பதிவான கந்தக டை ஆக்சைடு, கன மீட்டருக்கு 2,939 மில்லிகிராம். அனுமதித்த அளவு 1,250. கருவியை அளவு திருத்தும்போது வந்த எண் அது என்றது நிர்வாகம். மார்ச் 29-இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையை மூடச் சொன்னது. மே 31-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இயக்க அனுமதித்தது. மன்றத்தில் வாதாட அந்த எண் உதவியது. கமறலோடு நின்ற மக்களுக்கு அந்நேரத்தில் அதனால் ஒரு பயனும் இல்லை.

அடுத்த ஆண்டே நிலைமை சற்று மாறியது. பெருமாசு ஏற்படுத்தும் 17 வகைத் தொழில்கள் தொடர்கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. அத்தகைய தமிழக ஆலைகளின் அளவுகள் இன்று கிண்டியிலுள்ள மையத்துக்கு இரவு பகலாகப் போகின்றன. அதிகாரி வந்து மாதிரி எடுக்கும் நாளில் மட்டும் ஒழுங்காக இருந்துவிட முடியாது. இது மெய்யான முன்னேற்றம்.

ஆனால் அந்தக் கருவி பார்ப்பது புகைபோக்கியை. கசிவோ வால்வில், கேஸ்கெட்டில், குழாய் இணைப்பில் பிறக்கிறது. 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே புதூர்பாண்டியாபுரத்தில் மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் அம்மோனியா கசிந்து சுமார் 30 பெண் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். மீன் ஆலை அந்த 17 வகையில் இல்லை.

'அம்மோனியாவுக்கு மூக்கே போதும்' என்பார்கள். வாடை சீக்கிரம் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் மூக்கு பழகிப்போகும். வால்வை மூடவும் அதற்குத் தெரியாது. உணர்கருவி 25 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் 25 பங்கு) மணியடித்து, அளவு ஏறினால் வால்வைத் தானே மூடும்படி அமைக்கலாம். பொருத்துவதிலும் விவரம் வேண்டும். சமையல் எரிவாயு தரையில் படியும், அதன் கருவி கீழே இருக்க வேண்டும். அம்மோனியா மேலெழும், அதற்குக் கூரையோரம். உள்ளிருக்கும் மின்வேதி செல் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். அளவு தெரிந்த வாயுவைக் காட்டி அவ்வப்போது சோதிக்காவிட்டால், பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும், கருவி செத்துக் கிடக்கும். பொய்மணி நாலு தடவை அடித்தால் ஒயரைப் பிடுங்கிவிடும் பழக்கமும் நம்மிடம் உண்டு.

இவற்றைவிடப் பெரிய குறை சங்கில் இருக்கிறது. 2020 மே 7-இல் விசாகப்பட்டினம் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் ஆவி கசிந்தபோது, சைரனை இயக்க 36 இடங்கள் இருந்தும் ஒன்றையும் யாரும் அழுத்தவில்லை என்றது விசாரணைக் குழு. மில் சங்கு ஊதிய காலத்தில், அது எந்த ஷிப்டுக்கு என்பது கோவில்பட்டியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கசிவுச் சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஆடியில் கரிசல் காட்டை அள்ளிக்கொண்டு போகும் மேல்காற்றில் வாயு கலைந்துவிடும். மார்கழி விடியலின் அசைவற்ற காற்றில் தரையோடு தங்கும். காற்றுக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும் என்பதைச் சொல்லித்தராத சங்கு வெறும் கூச்சல்.

1989-இன் அபாய இரசாயன விதிகள், ஆலைக்கு வெளியிலான அவசரத் திட்டத்தை மாவட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்து, ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகையும் கேட்கின்றன. ஆனால் அம்மோனியாவைப் பொறுத்தவரை அவை பிடிப்பது பல பத்து டன் இருப்பு வைக்கும் ஆலைகளை. ஐஸ் பிளான்ட்டும் மீன் கிடங்கும் பெரும்பாலும் அதற்குக் கீழே நழுவிவிடுகின்றன.

ஆகவே மூன்று காரியம் வேண்டும். சிறிய அம்மோனியா ஆலைகளுக்கும் கருவி கட்டாயமாகட்டும். வெளியார் அதைச் சோதித்துத் தேதியை வாசலில் எழுதட்டும். கருவி மணியடித்தால், மேலாளரின் அனுமதிக்குக் காத்திராமல் ஊர்ச் சங்கும் சேர்ந்து ஊதட்டும். உங்கள் ஊர் எல்லையில் இப்படியோர் ஆலை இருந்தால், அடுத்த கிராம சபையில் கேளுங்கள்: கடைசி ஒத்திகை எப்போது நடந்தது, அதில் ஊர்க்காரர் எத்தனை பேர் இருந்தார்கள்?