கல்லில் நின்ற உயிர்

எகிப்தியப் புடைப்புச் சிற்பங்களில் நித்திய வாழ்வின் குறியீடாக விளங்குவது 'அங்க்' என்னும், தலையில் வளையமுடைய சிலுவை வடிவம். அபிதோசிலுள்ள முதலாம் சேத்தியின் கோயிலில் தெய்வங்கள் அதனை மன்னனது மூக்கருகே நீட்டுகின்றன. உயிர் அங்கே தெய்வம் அருளும் மூச்சு, பெறுபவன் அரசன்.

தமிழரின் நடுகல்லை இதனோடு ஒப்பிடுவோர் எடுத்தனூர்க் கல்லைக் கருதுதல் வேண்டும். செங்கம் வட்டாரத்து இக்கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக்குரியது. எருமைகளின் பொருட்டு மாண்ட கருந்தேவக்கத்தியின் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதென்கிறது கல்வெட்டு. மன்னனை ஆண்டுக் கணக்கிற்கு மட்டுமே அழைத்த சிற்பி, நாய்க்கு உருவும் பெயரும் ஈந்தான். என்னே அவன் நடுநிலை! இங்கு உயிர்க்குறியீடு பெயரே.

எகிப்தியரும் பெயரைப் போற்றியவரே. எனினும் 1822இல் சாம்போலியன் எழுத்தை அவிழ்க்கும்வரை அவர்தம் கற்கள் ஊமையாயிருந்தன. வட்டெழுத்தறிவார் அருகியபின் எடுத்தனூர்க் கல்லுக்கும் அதே கதி. 1972இல் இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' அவ்வட்டாரக் கற்களுக்கு மீண்டும் நாவளித்தது. வகுப்பறைகளிலோ, காட்சி முதல் வாழ்த்து ஈறாகத் தொல்காப்பியம் கூறும் ஆறு துறைகளும் மனனமாகின்றன; வட்டெழுத்தின் ஓரெழுத்தேனும் கரும்பலகை ஏறுவது அரிது.