தோளில் மூன்று வளையங்கள்

வானிலிருந்து குதிப்பவரின் தோள்பட்டையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெரியது, நடுத்தரம், சிறியது என மூன்று உலோக வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து மடிந்திருக்கும். 1970களில் அமெரிக்கரான பில் பூத் உருவாக்கியது இது.

ஒவ்வொரு வளையமும் நெம்புகோலாகிச் சுமையைக் குறைத்துக்கொண்டே போகிறது. கடைசியில் மிஞ்சும் இழுவையை ஒரு சின்ன நூல் கண்ணியும் அதில் செருகிய மஞ்சள் கேபிளுமே தாங்கிவிடுகின்றன. பாராசூட் முறுக்கிக்கொண்டால் கைப்பிடியை ஒரு இழுப்பு. இரு தோளிலிருந்தும் அது ஒருசேர விடுபடும். பழைய கொக்கிகளைத் தோளுக்குத் தோள் தனித்தனியே திறக்க வேண்டும். சுழன்றபடி விழும்போது நடக்கிற காரியமா அது?

அப்படி விடுபட்டபின் காப்பது மாற்றுப் பாராசூட்தான். அதனால் குதிக்கப் போகும் மையத்தை எடைபோட, விமானத்தைவிட அதன் சின்ன அட்டை உதவும். அமெரிக்காவில் மாற்றுப் பாராசூட்டை உரிமம் பெற்றவர் 180 நாளுக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்து மடிக்க வேண்டும். தேதி அந்த அட்டையில் இருக்கும். கேட்டதும் காட்டுகிறார்களா, முகம் சுளிக்கிறார்களா என்று கவனிக்கலாம்.