'சூப்பர்' என்றால் எவ்வளவு?

மல்லசமுத்திரம் கடைத்தெருவில் சற்று நின்று கேளுங்கள். தேநீர் சூப்பர், சட்டை சூப்பர், பிள்ளையின் மதிப்பெண்ணும் சூப்பர். துணிக்கடையிலோ 'மெகா' தள்ளுபடி. இவை ஆங்கில வழக்கு என்பதற்காக நான் குறை கூறவில்லை. 'பஸ்' என்றால் பொருள் தெளிவாகவே விளங்குகிறது. 'சூப்பர்' என்றால் என்ன விளங்குகிறது?

அறிவியலில் இச்சொற்களுக்குப் பொறுப்பு உண்டு. 'மெகா' என்பது பத்து இலட்சம். மேட்டூர் அனல்மின் நிலையத்தில் உள்ள 210 மெகாவாட் அலகு என்றால் 21 கோடி வாட் திறனுடையது என்று பொருள். 'சூப்பர்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'மேலே' என்று பொருள். எதற்கு மேலே என்பதை இயற்பியல் கூறிவிடுகிறது. சூப்பர்சானிக் விமானம் ஒலியினும் விரைந்து செல்வது. 20 பாகை செல்சியஸ் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். அதைத் தாண்டாத விமானத்துக்கு அப்பெயர் கிடையாது. 1911-இல் காமர்லிங் ஆன்ஸ், சுமார் 4.2 கெல்வின் வெப்பநிலையில் பாதரசத்தின் மின்தடை திடீரென மறைவதைக் கண்டார். அத்தகைய பொருளைத்தான் 'மீக்கடத்தி' என்கிறோம். நன்றாகக் கடத்தும் செம்பை அவ்வாறு அழைப்பதில்லை.

மனிதருக்குச் சூட்டும் பட்டங்களையும் பாருங்கள். தியாகராஜ பாகவதர் 'ஏழிசை மன்னர்'. சிவாஜி கணேசன் 'நடிகர் திலகம்'. புகழ்ச்சிதான், ஆயினும் எதில் சிறந்தவர் என்பது பட்டத்திலேயே இருந்தது. 1978-இல் 'பைரவி' படத்தையொட்டி ரஜினிகாந்துக்கு வழங்கிய 'சூப்பர் ஸ்டார்' பட்டம் உயரத்தை மட்டுமே கூறியது. பின்னர் 'மெகா ஸ்டார்' போன்றவையும் வந்தன. அளவில்லாத சொல்லுக்கு இதுவே கதி: அது தேய்ந்ததும் இன்னும் பெரிய சொல் வேண்டியிருக்கிறது.

நம்மூர்ப் பருத்தி ஏலத்தில் 'சூப்பர் பருத்தி' என்று எவரேனும் விலை கேட்பதுண்டா? பி.டி. ரகம், கொட்டு ரகம் என்று பிரித்தல்லவா விலை வைக்கிறார்கள்! பிரிக்காவிட்டால் நல்ல பருத்தி கொணர்ந்த உழவருக்கு நட்டம்.

மாணவ நண்பர்களே, சொல்லிலும் அந்த நட்டம் உண்டு. எல்லாவற்றையும் 'சூப்பர்' என்று பழகியவன், வேறுபாட்டைக் காணும் முன்பே பார்ப்பதை நிறுத்திவிடுகிறான். ஆய்வுக்கூடத்தில் அது பெருங்குறை. ஒரு வாரம் முயன்று பாருங்கள். 'சூப்பர்' என்று வாய் வரும்போதெல்லாம் 'எதில்? எதைவிட?' என்று உங்களையே கேளுங்கள். தேநீர் திடமா, மணமா, சூடா? நண்பனின் விடை சுருக்கமா, தெளிவா, புதிய வழியா? அதைச் சொல்லுங்கள். பாராட்டப்படுபவருக்கும் அதுவே பயன்படும்.